அபாகஸ் மனக்கணக்கும் பிள்ளையின் பார்வை நினைவும்: கொழும்புப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கம் பிள்ளையை அபாகஸ் வகுப்புக்குச் சேர்க்கப் போகிறவர்களும், சேர்த்துவிட்டு யோசிக்கிறவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. விளம்பரத் துண்டுகளில் நீங்கள் வாசித்திருக்கக்கூடிய பதில்களும் இங்குள்ளவையும் பல இடங்களில் ஒத்துப்போகா.

அபாகஸ் மனக்கணக்கில் பிள்ளை உண்மையில் என்ன செய்கிறது?

வகுப்புகளில் பெரும்பாலும் பாவிப்பது சொரோபான் என்கிற யப்பானிய மணிச்சட்டம். ஒவ்வொரு கம்பியிலும் குறுக்குச் சட்டத்துக்கு மேலே ஒரு மணி, கீழே நான்கு மணி. மேல்மணியின் பெறுமதி 5, கீழ்மணி ஒவ்வொன்றும் 1. குறுக்குச் சட்டத்தைத் தொட்டு நிற்கிற மணிகள் மட்டுமே கணக்கில் சேரும். வலப்பக்கக் கம்பி ஒன்று, அடுத்தது பத்து, அதற்கடுத்தது நூறு. (பழைய சீனச் சட்டத்தில் மேலே இரண்டு, கீழே ஐந்து. சீனாவின் அந்தக் கணிப்பு முறையை யுனெஸ்கோ 2013இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.) பிள்ளைக்கு 13 அல்லது 17 கம்பி போதும்.

முதலில் கையால் மணியைத் தள்ளிக் கணக்குச் செய்யப் பழகுகிறது. அடுத்து சட்டத்தை எடுத்துவிட்டு, வெறும் மேசைமேல் விரலை அசைத்துச் செய்கிறது. கடைசியில் விரலும் அசையாமல், மனதில் நிற்கிற மணிகளை நகர்த்தி விடையை 'வாசிக்கிறது'. ஏழும் எட்டும் பதினைந்து என்று வாயால் சொல்லிக் கூட்டுகிற வழக்கமான மனக்கணக்கிலிருந்து இது வேறுபடுகிற இடம் இந்தக் கடைசிப் படி. எண் இங்கே ஒரு சொல்லாக இருப்பதில்லை, ஒரு படமாக இருக்கிறது.

அப்படியென்றால் கண்பார்வை கூர்மையாகுமா?

ஆகாது. அபாகஸில் வேலை செய்வது கண்ணின் கூர்மை அல்ல, பார்வைச் செயலாக்கம். அது கண் அனுப்பியதை மூளை பிரித்தறிந்து, சிறிது நேரம் பிடித்து வைத்து, தேவையானால் மனதுக்குள் திருப்பிப் பார்ப்பது. கண்ணாடி தேவைப்படுகிற பிள்ளைக்குக் கண்ணாடிதான் தேவை. கரும்பலகை தெரியாமல் கொப்பியில் பிழையாக எழுதுகிற பிள்ளையை 'கவனம் இல்லை' என்று அபாகஸ் வகுப்புக்கு அனுப்புவது வீண் வேலை. முதலில் கண்ணைச் சோதியுங்கள். கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கோ, சிறுவர்களுக்கான லேடி றிஜ்வே வைத்தியசாலைக்கோ போனால் அது முடிகிற காரியம்.

பிள்ளை மனதில் மணியைப் பார்க்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்?

முதல் சான்று பிழைகள். உளவியலாளர் ஜேம்ஸ் ஸ்டிக்லர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், தாய்வானில் அபாகஸ் பழகிய பிள்ளைகளின் பிழை விடைகளில் சரியான விடைக்குச் சரியாக 5 கூடியோ குறைந்தோ வந்தவை அதிகம். சொல்லால் கூட்டுகிறவருக்கு 5ஆல் பிழைக்க விசேட காரணம் எதுவுமில்லை. மேல்மணி ஒன்றைத் தவறவிட்டவருக்கு உண்டு.

அடுத்தது இடையூறுச் சோதனை. உளவியலாளர்கள் மைக்கேல் பிராங்கும் டேவிட் பார்னரும் இந்தியாவின் குஜராத்தில் அபாகஸ் பழகிய பிள்ளைகளை வைத்துச் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், கணக்குச் செய்யும்போது வாய்க்கு வேறு வேலை கொடுத்தாலும் அவர்கள் அவ்வளவாகத் தடுமாறவில்லை. பயிற்சி இல்லாத வளர்ந்தவர்கள் நன்றாகத் தடுமாறினார்கள்.

நினைவு பற்றிய சான்று இன்னும் சுவையானது. யப்பானின் உச்ச நிலை அபாகஸ்காரர்களை ஹதானோ, ஒசாவா என்ற ஆய்வாளர்கள் சோதித்து 1983இல் எழுதினார்கள். பத்துக்கு மேற்பட்ட இலக்கங்களை ஒரே தரம் கேட்டுத் திருப்பிச் சொன்னவர்கள், எழுத்துகளையும் பழப் பெயர்களையும் கொடுத்தபோது சாதாரண ஆட்களைப் போலவே நின்றுவிட்டார்கள். மணியில் வைக்க முடிந்தது மட்டும்தான் நினைவில் நின்றது. கீழே வருகிற பல பதில்களுக்கு இந்த ஒரு விஷயமே அடிப்படை.

ஏன் என் மகன் இரண்டு இலக்க எண்களை ஓடவிடுகிறான், நான்கு இலக்கத்தில் உடைந்து போகிறான்?

பார்வை நினைவு ஒரே நேரத்தில் மூன்று நான்கு பொருட்களைத்தான் தெளிவாகப் பிடிக்கும். இது எல்லா மனிதருக்கும் பொது. அபாகஸ் படத்தில் ஒவ்வொரு கம்பியும் ஒரு பொருள்போல நிற்கிறது. ஆகவே இரண்டு கம்பி இலகு, மூன்று சமாளிக்கலாம், நான்காவதில் படம் கலையத் தொடங்கும். குஜராத் ஆய்விலும் இந்த எல்லை தெரிந்தது. சோம்பல் என்றோ பயிற்சி போதாது என்றோ உடனே முடிவு கட்ட வேண்டாம். இரண்டு இலக்க எண்கள் பத்தைத் தொடர்ந்து கூட்டுவது, நான்கு இலக்க எண்கள் மூன்றைக் கூட்டுவதைவிட இலகுவாக இருப்பது இதனால்தான்: எண்களின் நீளம் கம்பியைக் கூட்டுகிறது, எண்ணிக்கை அவ்வளவாகக் கூட்டுவதில்லை.

நினைவாற்றல், கவனம், ஐக்கியூ எல்லாம் கூடும் என்கிறார்களே?

இதற்கு நேரடியான பதில் தருகிற ஆய்வு ஒன்று உண்டு. குஜராத்தின் வடோதராவில் 5 முதல் 7 வயதுப் பிள்ளைகள் இருநூறு பேரளவில் எடுத்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு அபாகஸும் மறு பகுதிக்கு வழக்கமான கணிதத்தில் மேலதிகப் பாடமும் மூன்று ஆண்டுகள் கொடுத்தார்கள். முடிவு 2016இல் வெளிவந்தது. அபாகஸ் பிள்ளைகள் எண்கணிதத்தில் முன்னுக்கு நின்றார்கள். பொதுவான அறிவாற்றல் சோதனைகளிலும் செயல் நினைவிலும் (ஒன்றை மனதில் பிடித்துக்கொண்டே அதை வைத்து வேலை செய்கிற திறன்) அவர்களுக்கு மேலதிகமாக ஒன்றும் வரவில்லை. இன்னொன்றும் தெரிந்தது: தொடக்கத்திலேயே இடஞ்சார் நினைவு, அதாவது எது எங்கே இருந்தது என்று பிடிக்கிற திறன், நன்றாக இருந்த பிள்ளைகளுக்கே அபாகஸால் அதிக பயன்.

ஆக, விளம்பரம் சொல்வது தலைகீழ். அபாகஸ் பார்வை நினைவை வளர்க்கிறது என்பதைவிட, ஏற்கனவே உள்ள பார்வை நினைவைக் கணக்குக்குப் பயன்படுத்தக் கற்றுக் கொடுக்கிறது என்பதே பொருத்தம். சீனாவில் நீண்ட காலப் பயிற்சி பெற்ற பிள்ளைகளிடம் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது போன்ற சில திறன்களில் முன்னேற்றம் கண்டதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் செஸ், இசை, நினைவுப் பயிற்சி என்று எதை எடுத்தாலும், ஒன்றில் பழகிய திறமை தொலைவிலுள்ள இன்னொன்றுக்குத் தாவுவது மிகக் குறைவு என்பதே பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த படம். காசு கட்டுவதானால் கணக்குக்காகக் கட்டுங்கள்.

உருவங்களை வேகமாகப் பார்த்தறியும் திறனுக்கும் கணக்குக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சீன ஆய்வாளர்கள் 2015இல் மூன்றாம் தரம் முதல் ஐந்தாம் தரம் வரையான பிள்ளைகளைச் சோதித்தார்கள். 'இந்த வடிவம் அந்த வரிசையில் இருக்கிறதா' என்று சட்டென்று சொல்கிற பிள்ளைகள் கணிப்பிலும் வேகமாக இருந்தார்கள். எந்தக் கூட்டத்தில் புள்ளி அதிகம் என்று கண்டுபிடிக்கும் திறனுக்கும் கணிப்பு வேகத்துக்கும் இடையில் நெடுநாளாகப் பேசப்பட்டு வந்த தொடர்பை, இந்த வடிவப் பார்வையே விளக்கிவிட்டது. இது தொடர்பு மட்டும். ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

'வலது மூளையை விழிக்க வைப்பது' உண்மையா? கண்ணைக் கட்டி வாசிக்கப் பழக்கும் வகுப்புகள்?

மூளைப் படங்களில் தெரிவது வேறு. தேர்ந்த அபாகஸ்காரர் மனக்கணக்குச் செய்யும்போது, இடம், உருவம், கையசைவைத் திட்டமிடுதல் ஆகியவற்றோடு சம்பந்தப்பட்ட உச்சிப் பகுதிகளும் முன்பகுதிகளும் இரு பக்கமும் வேலை செய்கின்றன. சாதாரண ஆட்களில் பேச்சோடு சம்பந்தப்பட்ட இடப்பக்கப் பகுதிகளின் பங்கு கூட. வழி மாறுகிறது, அவ்வளவுதான். தூங்கிக் கொண்டிருந்த பக்கம் என்று எதுவும் இல்லை.

'மிட்பிரெயின்' (நடுமூளை) வகுப்பு என்று கண்ணைக் கட்டி நிறம் சொல்ல வைப்பது, மூக்கோரம் இருக்கிற இடைவெளியால் எட்டிப் பார்ப்பது. அந்த இடைவெளியை ஒட்டி அடைத்தால் 'சக்தி' போய்விடும். பிள்ளைக்கு ஏமாற்றப் பழக்குகிற அந்த வேலையை அபாகஸோடு சேர்த்து நடத்துகிற இடம் என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

மகளின் விடைகள் அடிக்கடி பிழைக்கின்றன. 'கவனமாகச் செய்' என்று சொல்வதைத் தவிர வேறு வழி?

பிழை எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள். அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும்.

இதற்கு இரண்டு விதி தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் இவற்றைச் 'சின்ன நண்பர்', 'பெரிய நண்பர்' என்பார்கள். சின்ன நண்பர் என்றால் 5க்கு நிரப்புகிற எண்: 4க்கு 1, 3க்கு 2. பெரிய நண்பர் 10க்கு நிரப்புகிற எண்: 4க்கு 6, 7க்கு 3. கம்பியில் 3 நிற்கிறது, 4 கூட்ட வேண்டும், கீழே மிச்சம் ஒரு மணிதான். மேல்மணியை இறக்கி (5), கீழே ஒன்றை எடுத்துவிட்டால் (1) 7. அது சின்ன நண்பர். 8 நிற்கிறது, 7 கூட்ட வேண்டும். ஒன்றுக் கம்பியில் 3ஐ எடுத்துவிட்டு, பத்துக் கம்பியில் ஒரு மணி ஏற்றினால் 15. அது பெரிய நண்பர்.

இப்போது பிழைகள். 8உடன் 7 கூட்டி 5 என்று விடை வந்தால் பிழை 10: பத்துக் கம்பிக்கு மணி ஏற்ற மறந்தது. 6 என்று வந்தால் பிழை 9: ஏற்ற வேண்டிய மணியை அதே ஒன்றுக் கம்பியிலேயே ஏற்றிவிட்டது. 8உடன் 4 கூட்டி 12க்குப் பதில் 17 வந்தால் பிழை 5: பெரிய நண்பர் 6ஐ எடுக்க வேண்டிய இடத்தில் சின்ன நண்பர் 1ஐ எடுத்திருக்கிறது. 1 முதல் 4 வரை எந்த எண்ணை எடுத்தாலும் இரண்டு நண்பருக்கும் இடையிலான வித்தியாசம் 5தான். அதனால் 5ஆல் பிழைத்தால் காரணம் இரண்டில் ஒன்று: மேல்மணியைப் படத்தில் தவறவிட்டது, அல்லது நண்பரை மாற்றிப் போட்டது. எது என்று பிரிக்க, அதே கணக்கைச் சட்டத்தில் கையால் செய்யச் சொல்லுங்கள். கையால் செய்தும் பிழைத்தால் விதி விளங்கவில்லை. கையால் சரி, மனதில் பிழை என்றால் படம்தான் நிற்கவில்லை. முதலாவதற்கு மருந்து 4, 3, 2, 1 ஆகியவற்றுக்கான இரண்டு நண்பர்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பழகுவது. இரண்டாவதற்குக் கம்பியைக் குறைப்பது.

1ஆல் பிழைத்தால் பெரும்பாலும் மணி முழுதாகத் தள்ளுப்படவில்லை, அல்லது விரல் பக்கத்து மணியில் பட்டது. கீழ்மணியை ஏற்றப் பெருவிரல், இறக்க ஆட்காட்டி விரல், மேல்மணிக்கு எப்போதும் ஆட்காட்டி விரல். ஒரே விரலால் எல்லாம் செய்கிற பிள்ளைக்கு இந்தப் பிழை ஓயாது. பிழை 50, 90 என்று வந்தால் மேலே சொன்ன அதே காரணங்கள் பத்துக் கம்பியில் நடக்கின்றன.

வீட்டில் நான் எண்களை வாசிக்கும்போது மட்டும் பிழை கூடுகிறது. ஏன்?

வகுப்பில் இங்கிலிஷில் வாசிக்கிறார்கள், வீட்டில் தமிழில் வாசிக்கிறீர்கள் என்றால் அது ஒன்றே போதும். வகுப்பு மொழியிலேயே வாசியுங்கள். தமிழில் பழகுகிற பிள்ளைக்குத் தொண்ணூறும் தொள்ளாயிரமும் வருகிற கணக்குகளைத் தனியாகக் கொடுத்துப் பாருங்கள். காதில் 'நூறு' விழுந்ததும் நூறுக் கம்பிக்கும், 'ஆயிரம்' விழுந்ததும் ஆயிரக் கம்பிக்கும் விரல் போய்விடுவது உண்டு.

பாடசாலையில் வலமிருந்து இடம், அபாகஸில் இடமிருந்து வலம். பிள்ளை குழம்பாதா?

சில மாதங்கள் குழம்பும். 47உடன் 38 கூட்ட, பாடசாலையில் 7உம் 8உம் 15, ஐந்தை எழுதி ஒன்றை மேலே வை என்று போகும். அபாகஸில் முதலில் 30ஐ ஏற்றி 77, பிறகு 8ஐ ஏற்றி 85. இரண்டும் சரி. கொப்பியிலும் பரீட்சையிலும் பாடசாலை முறைப்படி படிமுறையை எழுத வேண்டும் என்று முதல் நாளே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். அபாகஸ் விடையைச் சரிபார்க்க உதவட்டும். விடையை மட்டும் எழுதிவிட்டுப் போகிற பழக்கம் தொற்றினால், படிமுறைக்குப் புள்ளி கொடுக்கிற சாதாரண தரக் கணிதத்தில் அது நட்டம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? எப்படி?

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் இருத்தி வைப்பதைவிட, தினம் 15 நிமிடம் பழகுவது நல்லது. அதை இப்படிப் பிரிக்கலாம். முதல் 5 நிமிடம் கையால், நிதானமாக, பிழையில்லாமல். அடுத்த 5 நிமிடம் அட்டைகள்: கம்பியும் மணியும் வரைந்த அட்டையை ஒரு செக்கன் காட்டி மறைத்து, எண்ணை எழுதச் சொல்லுங்கள். பிறகு மறுபக்கம்: நீங்கள் எண்ணைச் சொல்ல, பிள்ளை வெற்றுக் கம்பியில் மணிகளை வரையட்டும். படம் தெளிவாக இருக்கிறதா என்று காட்டுகிற பயிற்சி இதுதான், பல வகுப்புகளில் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். கடைசி 5 நிமிடம் மனக்கணக்கு, ஒரு கம்பியில் தொடங்கி. பத்து அட்டையில் ஒன்பது சரியாக வந்தால் மட்டும் கம்பியைக் கூட்டுங்கள்.

நேரம் பிடிப்பதைச் சரித்தன்மை வந்த பிறகு தொடங்குங்கள். படம் ஊன்றும் முன்பே வேகத்தை வற்புறுத்தினால் பிள்ளை விரலால் எண்ணியோ, பழைய வாய்க்கணக்கிலோ விடையைக் கொண்டுவந்துவிடும். விடை சரி என்பதால் யாருக்கும் தெரியாது. மேல் நிலைக்குப் போனதும் எல்லாம் ஒன்றாகச் சரியும்.

சட்டத்தை அடிக்கடி மாற்ற வேண்டாம். மனதில் நிற்பது அந்தச் சட்டத்தின் படம். கைப்பேசிச் செயலியில் அட்டைப் பயிற்சி செய்யலாம், தொடக்கக் கைப்பயிற்சிக்கு உண்மையான மணியே நல்லது.

உண்மையில் படத்தில்தான் செய்கிறதா என்று வீட்டில் எப்படிச் சோதிப்பது?

எழுதிய கணக்குகள் ஐந்தைக் கொடுத்து, செய்துகொண்டே 'அ, ஆ, இ, ஈ' என்று சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். படத்தில் செய்கிற பிள்ளை கொஞ்சம்தான் தடுமாறும். வாய்க்கணக்குக்காரர் நின்றுவிடுவார். அடுத்த ஐந்தில் இரண்டு கையாலும் மேசையில் தாளம் தட்டிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். இதில் அபாகஸ் பிள்ளைதான் தடுமாற வேண்டும்.

வெறும் காற்றில் விரலை அசைக்கிறான். நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். 2018இல் வந்த ஓர் ஆய்வில், கண்ணைக் கட்டித் தங்கள் கையையே பார்க்க முடியாமல் செய்தபோதும் பிள்ளைகளின் கணக்கு பாதிக்கப்படவில்லை. கைக்கு வேறு வேலை கொடுத்தபோது பாதிக்கப்பட்டது. அசைவைத் திட்டமிடுவதே படத்தை நகர்த்துகிறது என்று தெரிகிறது. பயிற்சி ஊற ஊற அசைவு தானாகச் சுருங்கும். 'கையைக் கட்டு' என்று அதட்டுகிற ரீச்சரிடம் இதைப் பேசிப் பாருங்கள்.

எந்த வயதில் தொடங்கலாம்? யாருக்கு ஒத்துவராது?

நூறு வரை எண்ணத் தெரிந்து, பத்தைப் பிரிக்கத் தெரிந்தால் (6உம் 4உம், 7உம் 3உம்) தொடங்கலாம். பொதுவாக அது தரம் 1க்கும் 2க்கும் இடையில் வரும். நான்கு வயதில் தொடங்கினால் விரலசைவைத்தான் மனப்பாடம் செய்யும்.

மூன்று நான்கு மாதம் ஒழுங்காகப் பழகியும் ஒரு கம்பிப் படமே நிற்காத பிள்ளைகள் உண்டு. அவர்களை மனப்பட நிலைக்குத் தள்ளாமல், கைச்சட்டத்தோடு நிறுத்தி வாய்ப்பாட்டையும் வழக்கமான முறையையும் உறுதியாக்குவது நல்லது. வகுப்பில் 'மற்றப் பிள்ளை மூன்றாம் நிலைக்குப் போய்விட்டது' என்கிற ஒப்பீட்டை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு உதவுமா?

ஓரளவு, நேரம் மிச்சம். கணிப்பு வேகமானால் வினாவை வாசிக்க நேரம் கிடைக்கும். வடிவக் கோலங்கள், தர்க்க வினாக்கள், வசனக் கணக்குகள் ஆகியவற்றுக்கு அபாகஸ் உதவாது. எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்று தீர்மானிப்பது வேறு திறன். தரம் 5இல் புதிதாகச் சேர்ப்பது மோசமான நேரம்: பலன் வரும் முன்பே பரீட்சை வந்துவிடும், இரண்டு முறைகளும் மோதும். தரம் 2இல் தொடங்கியவர்கள் தரம் 5 வருடத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாகக் குறைத்துக்கொள்ளலாம். சாதாரண தரக் கணிதத்தில் கல்குலேட்டர் இல்லை, மடக்கை அட்டவணைதான். அங்கே இந்த வேகம் மீண்டும் கைகொடுக்கும்.

வகுப்பைத் தெரிவுசெய்யும்போது எதைக் கேட்க வேண்டும்?

ஒரு வகுப்பை முழுதாக இருந்து பார்க்க விடுகிறார்களா? பிள்ளை பிழை விட்டால் எந்தக் கம்பியில் பிழைத்தது என்று ஆசிரியர் தேடுகிறாரா, அல்லது 'திரும்பச் செய்' என்று மட்டும் சொல்கிறாரா? இரண்டாவது என்றால் எட்டு நிலைச் சான்றிதழும் பயன்படாது. எல்லா நிலைக்கும் முற்பணம் கேட்டால் கட்டாதீர்கள், நிலைக்கு நிலை கட்டுங்கள். மேடைப் போட்டியில் பரிசெடுத்த இரண்டு பிள்ளைகளைக் காட்டினால், அதே வருடம் சேர்ந்த மற்றவர்கள் எந்த நிலையில் நிற்கிறார்கள் என்று கேளுங்கள்.

இடையில் நிறுத்தினால் எல்லாம் போய்விடுமா?

வேகம் சில மாதங்களில் குறையும், மூன்று கம்பிப் படம் முதலில் போகும். நண்பர் விதிகளும் சிறு எண்களின் படமும் நீண்ட காலம் நிற்கும். நிறுத்துவதானால் இரண்டு இலக்கக் கூட்டலும் கழித்தலும் மனதில் பிழையில்லாமல் வந்த பிறகு நிறுத்துங்கள். அதற்கு மேல் போகும் நிலைகள் போட்டிக்கு ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு உரியவை. நிறுத்திய பிறகும் கடைக்குப் போகும்போது பில்லைக் கூட்டச் சொல்லலாம், பஸ்ஸில் மிச்சக் காசு கணக்குப் பார்க்கச் சொல்லலாம். வாரத்தில் நான்கைந்து தரம் செய்தாலே சிறு எண்களின் படம் கலையாமல் இருக்கும்.